தாக்குதலை வலிந்து தொடங்காமல் ஆடுவது எப்படி? சதுரங்கம் பழகுவோருக்கான செய்முறை விளக்கம்

பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு "அடிச்சுத்தான் பார்ப்போம்லே" என்ற துணிச்சல் புதிதன்று. அந்தத் துணிச்சல் எங்கே கணக்குத் தவறுகிறது என்பதைப் பலகையிலேயே காண்பதற்கு, காய்களை அடுக்கிக்கொண்டு பின்வரும் நகர்த்தல்களை ஆடிப் பாருங்கள்.

கட்டத்தின் பெயரில் எழுத்து, வெள்ளைக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையான நெடுவரிசையையும், எண் வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையான கிடைவரிசையையும் குறிக்கும்; காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய். முதலில் வெள்ளை இ4, கருப்பு இ5. அடுத்து வெள்ளைக் குதிரை எஃப்3, கருப்புக் குதிரை சி6. வெள்ளை மந்திரி சி4, கருப்பு மந்திரி சி5. வெள்ளை கேஸ்லிங் (ராஜாவை ஜி1-க்கும் எச்1 யானையை எஃப்1-க்கும் ஒரே நகர்த்தலில் மாற்றுவது) செய்ய, கருப்பு மற்றொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறது. இப்போது வெள்ளை பொறுமையிழந்து குதிரையை ஜி5-க்கு நகர்த்துகிறது. கருப்பும் கேஸ்லிங் செய்கிறது. வெள்ளைக் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்ட, யானை குதிரையை வெட்டுகிறது. மந்திரி யானையை வெட்டிச் செக் வைக்க, ராஜா மந்திரியை வெட்டுகிறது.

இரண்டாவதாக, இழப்பைக் கணக்கிடுங்கள். காய்களின் வழக்கமான மதிப்பின்படி குதிரையும் மந்திரியும் (தலா 3) சேர்ந்து 6 புள்ளி, யானையும் (5) சிப்பாயும் (1) சேர்ந்து 6 புள்ளி என்பதால் வரவும் செலவும் சமம் என்றே தோன்றும். ஆனால் வெள்ளை ஆடிய 7 நகர்த்தல்களில் 5, இப்போது பலகையிலேயே இல்லாத இரண்டு காய்களுக்காகச் செலவாகிவிட்டன. கருப்புக்கு இரண்டு குதிரைகளும் ஒரு மந்திரியும் வெளியே வந்து நிற்க, வெள்ளையின் ராணி, குதிரை, மந்திரி மூன்றும் பிறந்த கட்டத்திலேயே இருக்கின்றன. எஃப்7-இல் நிற்கும் கருப்பு ராஜாவைத் துரத்த ஆளில்லை.

மூன்றாவதாக, குதிரை ஜி5-க்குப் போவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்புங்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பதால், கை நீளும் முன் கேள்வி வரவேண்டும்: குறிவைக்கும் கட்டத்தை என் காய்கள் எத்தனை தாக்கும், எதிரியின் காய்கள் எத்தனை காக்கும்? கருப்பு கேஸ்லிங் செய்துவிட்டால் எஃப்7-ஐத் தாக்குபவை இரண்டு, காப்பவை ராஜாவும் யானையுமாக இரண்டு. மூன்றாவதாக உதவ ராணி எச்5-க்கு வரலாமே என்றால், அந்தக் கட்டத்தை எஃப்6 குதிரை காத்து நிற்கிறது. நீர் திறக்குமுன் நாற்றுப் பாவ, கிணறு இல்லாத அம்பாசமுத்திரத்து விவசாயி துணிவாரா?

நான்காவதாக, தாக்க வழியில்லாதபோது எந்தக் காய் மிக மோசமாக நிற்கிறது என்று தேடி அதைச் சீர்செய்யுங்கள். இந்த நிலையில் டி3 ஆடினால் சி1 மந்திரிக்கு வழி திறக்கும். சி3 ஆடினால் சி4 மந்திரி தேவைப்படும்போது சி2 வரை பின்வாங்க இடம் கிடைப்பதோடு, பின்னால் டி4 ஆடவும் துணையாகும். யானையை இ1-க்கு நகர்த்திவிட்டால், பி1 குதிரை டி2, எஃப்1 வழியாக ஜி3-க்கு வந்து சேரலாம். எதிரி என்ன திட்டமிடுகிறார் என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் சலிப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் பழகத் தகுந்த பகுதி இதுவே.

1886-இல் முதல் உலகச் சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டெய்னிட்ஸ், இளமையில் காய்களைப் பலியிட்டுத் தாக்கியே பெயர் பெற்றவர். பின்னாளில் அவர் வகுத்த கொள்கை, ஏதேனும் ஓர் அனுகூலம் கையில் இருந்தாலன்றித் தாக்குதல் நியாயமாகாது என்பதாகும். அதன் மறுபாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அனுகூலம் உள்ளவர் தாக்கியே ஆகவேண்டும், இல்லையேல் அது நழுவிவிடும். ஆகவே எதிரியின் ராஜா நடுவிலேயே சிக்கியிருந்தாலோ, காவல் நின்ற எஃப்6 குதிரை விலகி உங்கள் காய்கள் மூன்று அருகில் திரண்டிருந்தாலோ, மறுபடியும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தயங்காமல் தாக்குங்கள்.