முதல் டெக்னிக்கல் ரவுண்டா? ரெஸ்யூமேயிலிருந்து ஆரம்பியுங்கள்

சாஃப்ட்வேர் வேலைக்கு ஃப்ரெஷர்களை இன்டர்வியூ எடுக்கிற பக்கம் உட்காருகிறவன் நான். என் முதல் கேள்வி பெரும்பாலும் உங்கள் ரெஸ்யூமேயில்தான் இருக்கும். அதை பிரிண்ட் எடுத்து, பேனாவோடு உட்காருங்கள். மூன்று கேள்வி தொடர்ந்து கேட்டால் தாங்காத வார்த்தையை அடித்துவிடுங்கள். ஒரே ஒரு வீடியோ பார்த்துவிட்டு ‘மெஷின் லேர்னிங்’ என்று போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் நீங்கள் செய்தது லாகின் பக்கம் மட்டும்தானா? அதையே சொல்லுங்கள். பாஸ்வேர்டை டேட்டாபேஸில் எப்படி வைத்தீர்கள் என்று அடுத்து கேட்பேன். அப்படியே வைத்திருந்தால் என்ன ஆபத்து, ஹாஷ் செய்தால், அதாவது திரும்பப் பிரிக்க முடியாத குறியீடாக மாற்றி வைத்தால், என்ன மாறும் என்று யோசித்து வையுங்கள்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ‘இரண்டாவது அதிக சம்பளம்’ பழைய கேள்விதான். இன்னமும் பலர் சறுக்குகிறார்கள். இறங்கு வரிசையில் அடுக்கி, ‘லிமிட் 1 ஆஃப்செட் 1’ (முதல் வரியை விட்டு அடுத்த ஒன்றை எடு) என்று மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். 90,000, 90,000, 70,000 என்று டேட்டா கொடுத்தால் அதுவும் 90,000 என்றே சொல்லும். ஒரே மதிப்பு பலமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் எடுக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ எதற்கு என்பது அங்கேதான் புரியும். படிக்கும் ஒவ்வொரு க்வெரிக்கும் இப்படி ஒரு கோணல் டேட்டாவை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கோடிங்கில், கூட்டினால் குறிப்பிட்ட எண் வரும் ஜோடியைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு எண்ணையும் மற்ற எண்களோடு கூட்டிப் பார்க்கும் இரண்டு லூப் முறையை முதலில் சொல்லிவிடுங்கள், தப்பில்லை. 10,000 எண் இருந்தால் கிட்டத்தட்ட 5 கோடி ஜோடி பார்க்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு, பார்த்த எண்களை ஹாஷ் மேப்பில் (எதையும் சட்டென்று தேடி எடுக்க உதவும் அமைப்பு) போட்டுக்கொண்டே போனால் ஒரே சுற்றில் முடியும் என்று வாருங்கள். வாய் திறக்காமல் சரியான விடை எழுதுகிறவரைவிட, இப்படி யோசனையைச் சொல்லிக்கொண்டே போகிறவரை எடைபோடுவது எனக்கு எளிது. வீட்டிலேயே வெள்ளைத் தாளில் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். அம்மா ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இங்கிலீஷ் இலக்கணம் பிசகியதற்காக நான் யாரையும் கழித்ததில்லை. தெரியாததை ‘தெரியாது’ என்று சொல்லி, தெரிந்தவரை யோசித்துக் காட்டினால் போதும்.

கடைசியில் ‘ஏதாவது கேட்கணுமா?’ என்பார்கள். முதல் ஆறு மாதம் என்ன வேலை, நான் எழுதும் ப்ரோகிராமை யார் ரிவ்யூ செய்வார்கள் என்று கேளுங்கள். சம்பளம், பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) எல்லாம் ஹெச்ஆரிடம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்.