தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் முன், மடை யார் கையில் என்று பாருங்கள்

காவிரி டெல்டாவில் ஒரு நெல் விவசாயியிடம் போய், "தண்ணியைக் குறைச்சுக் கட்டுங்க" என்று சொன்னால் தலையாட்டுவார். டீ கூட வாங்கிக் கொடுப்பார். மறுநாள் போய்ப் பார்த்தால் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். உடனே "விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கை எழுதுவதுதான் நீர் சிக்கன நெல் சாகுபடியை, அதாவது வயலை அவ்வப்போது காயவிட்டுப் பாய்ச்சும் முறையை, பரப்பப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. வேளாண் அலுவலராக இருந்தாலும், தொண்டு நிறுவன ஊழியராக இருந்தாலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்காரராக இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை.

வயலில் நிற்கும் தண்ணீர் அவருக்குச் சும்மா நிற்கவில்லை. களையை அமுக்குகிறது. அடுத்த முறைத் தண்ணீர் தள்ளிப்போனால் நாலு நாள் தாங்கும் கையிருப்பாகவும் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2023இல் அந்த நாளிலேயே திறந்து, தண்ணீர் போதாமல் அக்டோபர் 10ஆம் தேதி மூடினார்கள். 2024இல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. இதையெல்லாம் பார்த்த, வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஒரு கடைமடை விவசாயியிடம், "மண் லேசாக வெடித்த பிறகு பாய்ச்சினால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். "வெடிச்ச பிறகு தண்ணி வரும்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்பார். நம்மிடம் பதில் இருக்காது.

அதனால் வாய்க்கால் பாசனத்தை மட்டும் நம்பியிருப்பவரிடம் முதலில் போகாதீர்கள். மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில் இல்லை. சொந்த ஆழ்துளைக் கிணறு வைத்துக் குறுவைப் பருவத்தில் நெல் செய்பவரிடம் தொடங்குங்கள். நினைத்த நாளில் மோட்டாரைப் போட முடிகிறவர்தான் துணிந்து வயலைக் காயவிடுவார். வாய்க்கால் பாசன ஊரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால், தனி விவசாயியை விட்டுவிட்டு, ஒரே கிளை வாய்க்காலில் பாயும் எல்லோரையும் கூட்டி முறை வைப்பதைப் பேச வேண்டும். மேல்மடைக்காரர் ஒருவர் மிச்சம் பிடித்தால், அந்தத் தண்ணீர் பக்கத்து வயலுக்கோ வடிகாலுக்கோதான் போகும். அவருக்கு என்ன லாபம்?

லாபம் என்றதும் இன்னொரு சறுக்கல். "மின்சாரச் செலவு மிச்சமாகும்" என்று பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அந்தப் பேச்சு டீசல் இன்ஜின் வைத்திருப்பவரிடம்தான் எடுபடும். மற்றவர்களிடம் நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பற்றிப் பேசுங்கள். புகையான் தாக்கினால் தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது விவசாயிக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்ததிலிருந்து தொடங்கினால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது புதுப் பாடமாகத் தோன்றாது.

மூட்டையாகக் கொடுப்பது

மடகாஸ்கரில் ஆன்றி டி லோலானியே என்ற பாதிரியார் 1980களில் உருவாக்கிய முறை, இங்கே 'ஒற்றை நாற்று நடவு' என்றும், பிறகு 'திருந்திய நெல் சாகுபடி' என்றும் வந்து சேர்ந்தது. 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, ஏக்கருக்கு 3 கிலோ விதை, கோனோவீடர் என்ற உருளும் கைக்கருவியால் களை எடுப்பது, மயிரிழை வெடிப்பு கண்டதும் பாசனம் என்று எல்லாமே ஒரே மூட்டை. இதில் ஏதாவது ஒன்றை விட்டாலும் 'கடைப்பிடிக்கவில்லை' என்று குறித்துக்கொள்கிறோம். அப்படிச் செய்தால் பாதி ஏற்றுக்கொண்டவரும் விலகிப் போவார். தண்ணீர்தான் நம் நோக்கம் என்றால், பழையபடி குத்துக்கு மூன்று நாற்று வைத்து நட்டவரும் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சலாமே. அதை ஏன் தனியாகச் சொல்லக் கூடாது?

கயிறு பிடித்துச் சதுரமாக நடுவது வயல்காரரின் வேலை இல்லை, நடவுப் பெண்களின் வேலை. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி பேசி வருகிறவர்களுக்குச் சதுர நடவு என்றால் நேரம் கூடும், கூலி கூடாது. அவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் வயல்காரரை மட்டும் பயிற்சிக்கு அழைத்துப் போனால் எப்படி? கோனோவீடரும் அப்படித்தான். மெல்லிய தண்ணீர் இல்லாமல் இறுகிய களியில் அது உருளாது. காயவிடச் சொன்ன வாயாலேயே, களை எடுக்கும் நாளில் தண்ணீர் வைக்கவும் சொல்ல வேண்டும்.

பரிசுகளும் நோக்கத்தைத் திசை மாற்றுகின்றன. திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுப்பவருக்கு 5 லட்சம் ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே எடை போடப்படுவது நெல். செலவான தண்ணீருக்கு அதில் மதிப்பெண் இல்லை.

குழாய் நட்டால் போதாது

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய வயல் நீர்க்குழாய் மிக எளிமையான கருவி. சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. உள்ளே தண்ணீர் மட்டம் மண் பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பாசனம் வேண்டாம். இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சலாம்.

இதில் நடக்கும் தவறுகள் எல்லாம் சின்னவை, ஆனால் ஆளைக் கவிழ்ப்பவை. குழாயை இறக்கிய பிறகு உள்ளே அடைத்திருக்கும் சேற்றைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் மண்தான் தெரியும், தண்ணீர் மட்டம் தெரியாது. வயலின் பள்ளமான மூலையில் நட்டால், மேட்டுப் பகுதி வாடிக்கொண்டிருக்கும்போதும் குழாயில் தண்ணீர் இருக்கும். மேடு பள்ளமான வயலில் இந்த அளவுகோலுக்கே அர்த்தமில்லை. சமன்படுத்துவதுதான் முதல் வேலை. அப்புறம், சாலையோரம் பார்வையாளர் கண்ணில் படுகிற இடத்தில், பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே குழாய் நடும் வழக்கம் இருக்கிறதே, அங்கே அது அளவுகோல் இல்லை, காட்சிப் பொருள்தான்.

நட்டு இரண்டு வாரம் வரை காயவிட வேண்டாம். நாற்று வேர் பிடிக்கட்டும். களை அதிகம் உள்ள வயலில் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றே ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லாமல் விட்டால், பதர் விழுந்த ஒரு வயல் பத்து வயல்காரர்களைத் துரத்திவிடும். யூரியா போடும் நாளும் முக்கியம்: தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன், ஈரம் சுண்டிய மண்ணில் போட்டால் சத்து உள்ளே இறங்கும்.

களிமண்ணில் மயிரிழை வெடிப்பு சரி. விரல் நுழைகிற வெடிப்பு என்றால் நேரம் கடந்துவிட்டது. பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும். மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகச் செலவாகும்.

எங்கே சொல்லக் கூடாது

சம்பாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது டெல்டா விவசாயியின் தலைவலி வடிகால். தாழ்ந்த வயலில் 14 நாள் ஒற்றை நாற்றை நட்டு, மறுவாரம் கனமழை கொட்டினால் நாற்று மூழ்கும். அங்கே வயதான, உயரமான நாற்றை நடுகிற விவசாயி விவரம் தெரிந்துதான் செய்கிறார். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உவர் நிலத்தில் காயவிட்டால் உப்பு மேலேறும். உப்பை அமுக்கி வைப்பதற்கே அங்கே தண்ணீர் நிற்க வேண்டும்.

நேரடி விதைப்பில் நாற்றங்கால் தண்ணீரும் சேற்றுழவுத் தண்ணீரும் மிச்சம்தான். களைத் திட்டம் இல்லாமல் அதைப் பரிந்துரைத்தால் முதல் மாதத்திலேயே குதிரைவாலிப் புல்லும் கோரையும் பயிரை முந்திவிடும்.

கடைசியாக, விவசாயியிடம் எடுத்துவிடும் இரண்டு பேச்சுகள். "ஒரு கிலோ நெல்லுக்கு 5,000 லிட்டர்" என்று மேடையில் மிரட்டுகிறார்கள். நெல் ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் சராசரி சுமார் 2,500 லிட்டர், மழையும் சேர்த்து. அதிலும் ஒரு பங்கு மண்ணில் இறங்கித் தன் கிணற்றுக்கே திரும்புகிறது என்பது விவசாயிக்குத் தெரியும். இன்னொன்று கார்பன் பணம், அதாவது வாயு வெளியேற்றத்தைக் குறைத்ததற்குக் கிடைக்கும் 'கார்பன் வரவை' விற்று வரும் பணம். காயவிட்டால் மீத்தேன் வெளியேற்றம் ஏறக்குறைய பாதியாகும் என்பது உண்மை. ஆனால் கார்பன் வரவுகளுக்குச் சான்றளிக்கும் வெர்ரா அமைப்பு, 2024இல் சீனாவின் 37 நெல் திட்டங்களைத் தள்ளுபடி செய்தது. ஏக்கருக்கு இத்தனை ரூபாய் வரும் என்று கைநீட்டிச் சொல்லுமுன், ஒப்பந்தத்தில் அளவீடு யார் செய்வது, பணம் எப்போது, வராவிட்டால் யார் பொறுப்பு என்று தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.