சஜிட்டேரியஸ் ஏ-யிலிருந்து கப்பல் உடையாமல் திரும்பிய விதம்

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி வீடியோ கேமில் பால்வெளி மையக் கருந்துளையைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வெகுதூரம் வந்தபின், ஒரு கோளில் இறங்கும்போது பலமாக மோதி ஹல் (கப்பலின் வெளி உடல்) 31 சதவீதம் ஆகிவிட்டது, முன்கண்ணாடியில் விரிசல் வேறு. கப்பல் வெடித்தால் விற்காத ஸ்கேன் டேட்டா மொத்தமும் போச்சு. கப்பல் பாகங்களைப் பழுதுபார்க்கும் ஏஎஃப்எம்யூ கருவி கண்ணாடியைச் சரிசெய்யும், ஹல்லைத் தொடாது. அதற்கு ரிப்பேர் லிம்பெட் என்ற சின்ன ட்ரோன் வேண்டும், அதை இயக்கும் கன்ட்ரோலர் என்னிடம் இல்லை.

அதனால் நேரே வீட்டுக்கு வராமல் மனிதர்கள் குடியேறிய கொலோனியா பகுதிக்குத் திருப்பினேன். நியூட்ரான் விண்மீன் உமிழும் ஜெட்டில் புகுந்தால் நான்கு மடங்கு தூரம் தாவலாம்தான், ஆனால் இந்த நிலையில் அது தற்கொலை. கேலக்ஸி மேப்பில் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை விண்மீன்களை மட்டும் வடிகட்டி (இவற்றில்தான் எரிபொருள் அள்ள முடியும்), எரிபொருள் அள்ளிக்கொண்டே போய், கொலோனியாவிலுள்ள ஜாக்ஸ் ஸ்டேஷனில் முதலில் டேட்டாவை விற்றேன், அப்புறம்தான் ரிப்பேர்.