வாளையார் தாண்டி வந்தவர்களுக்கு: பட்ஜெட்டில் ஒரு லேப்டாப்

தமிழ்நாட்டிலிருந்து எல்லையான வாளையாரைத் தாண்டி, கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தோ, பாலக்காடு ஐஐடியில் இடம் கிடைத்தோ வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதுதான்: லேப்டாப்பை இங்கே வாங்குவதா, கோயம்புத்தூர் போய் வாங்குவதா? வரியில் வித்தியாசமே இல்லை. 2017ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். தள்ளுபடிக் காலம் மட்டும் மாறும். இங்கே ஓணம், அங்கே தீபாவளி. பாலக்காட்டுக் கடைகளில் தமிழ் நன்றாகவே புரியும், தயங்காமல் தமிழிலேயே பேரம் பேசுங்கள்.

பின்னால் மாற்ற முடியாததில் பணத்தைப் போடுங்கள். பிராசசர், திரை, கீபோர்டு மூன்றும் வாங்கிய அன்று எப்படியோ, கடைசி வரை அப்படித்தான். ரேமையும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) எஸ்எஸ்டியையும் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) பல மாடல்களில் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். 16 ஜிபி ரேம் என்று சொல்லி மங்கலான திரையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதைவிட 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத நல்ல ஐபிஎஸ் திரை உள்ளதே மேல். கடையிலேயே மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளிறினால் வேண்டாம்.

ஆனால் ரேம் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இதைப் பார்த்தே ஆக வேண்டும். டிஸ்ப்ளேயில் வைத்திருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மானேஜரில் பெர்ஃபாமன்ஸ், அதில் மெமரி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. சில மாடல்களில் பாதி பற்றவைத்தது, பாதி ஸ்லாட். அதனால் கம்பெனியின் வெப்சைட்டில் அந்த மாடல் எண்ணைப் போட்டு, அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம் என்றும் பாருங்கள். ரேமின் வகையும் பொருந்த வேண்டும்: டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது.

விண்டோஸ் இல்லாத மாடல் கிடைத்தால் சில ஆயிரம் மிஞ்சும்; அதில் இலவசமான லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள், அதனால் உதவிக்கு ஆள் தேடுவது இங்கே அவ்வளவு சிரமமில்லை. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. கல்லூரிக்கு வந்தவர்கள் மட்டும், துறையில் விண்டோஸ் மென்பொருள் ஏதாவது கட்டாயமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.