பழைய ஃபிலிம் ரீலைத் துடைக்கும் முன் மோந்து பாருங்கள்

பரணில் கிடந்த தகர டப்பாவில் ஒரு பழைய ரீல் கிடைத்ததும் கை தானாகப் புரொஜெக்டரைத் தேடும். வேண்டாம். காலப்போக்கில் ஃபிலிம் சுருங்கும். ஒரு சதவீதம் சுருங்கினாலே ஓரத்துத் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாமல் கிழிய ஆரம்பித்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. 35 மி.மீ. ஃபிலிம், அதுவும் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் அது நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் வகையாக இருக்கலாம். நைட்ரேட் தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடியிலும் எரியும். அதை வீட்டில் தொடாமல் திரைப்பட ஆவணக் காப்பகத்திடம் கேளுங்கள். வீட்டுப் படங்கள் எடுத்த 8, 16 மி.மீ. ரீல்களில் இந்தப் பயம் பொதுவாக இல்லை.

சரி, ஜன்னலோரமாக வைத்து டப்பாவைத் திறந்து, சற்றுத் தள்ளி நின்றே முகருங்கள். காடி வாடை அடிக்கிறதா? அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதைந்து, காடியில் உள்ள அசிட்டிக் அமிலம் கசிகிறது என்று அர்த்தம். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்தில் இருக்கும் நல்ல ரீலையும் கெடுக்கும். ஆகவே வாடை அடிக்கும் ரீலை அன்றைக்கே தனி அறைக்கு மாற்றுங்கள். எவ்வளவு துடைத்தாலும் இந்தச் சிதைவு போகாது. அப்படிப்பட்ட ரீலைச் சுத்தம் செய்து நேரத்தைப் போக்குவதைவிட, முதலில் ஸ்கேன் செய்ய அனுப்புவதே புத்திசாலித்தனம்.

வாடை இல்லையென்றால் துடைக்கலாம். பஞ்சு நூல் உதிராத கையுறை, மென்மையான மைக்ரோஃபைபர் துணி, கையால் சுற்றும் ரீவைண்டர் ஜோடி ஒன்று, இவ்வளவு போதும். ஃபிலிமை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போல் பளபளப்பது அடிப்பட்டை. மங்கலாக, படத்தின் மேடுபள்ளம் லேசாகத் தெரிவது எமல்ஷன். படம் இருப்பது இந்த மங்கல் பக்கத்தில்தான். இங்கே கீறல் விழுந்தால் போன படம் திரும்ப வராது.

துணியை மடித்து, ஃபிலிமை அதற்குள் இரண்டு விரல்களால் பிடியுங்கள். அழுத்த வேண்டாம், தொட்டுக்கொண்டு போனால் போதும். மெதுவாகச் சுற்றி, சில அடிகளுக்கு ஒருமுறை துணியின் புதுப் பகுதிக்கு மாறுங்கள். ஒரே இடத்தில் துடைத்தால் அதில் சேர்ந்த மணலே உப்புத்தாளாகிவிடும். பழைய டேப் ஒட்டு வந்தால் நிறுத்துங்கள். பசை பிசுபிசுத்து அடுத்த சுற்றோடு ஒட்டியிருக்கும்.

பாதி ரீல்களுக்கு இந்த உலர்துடைப்பே போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் எளிதில் கிடைக்கும் 70 சதவீதம் கூடாது, மீதி தண்ணீர். எமல்ஷன் என்பது ஜெலட்டின். தண்ணீர் பட்டால் ஊதும். ஆரம்பத்தில் நான் ஈரப் பஞ்சால் பூஞ்சை பிடித்த ஒரு ரீலைத் துடைத்தேன். முகங்கள் பாலாடை மாதிரி சுருண்டு பஞ்சோடு வந்துவிட்டன. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று அதைத் தண்ணீரில் கரையும்படி ஆக்கியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. பூஞ்சை கண்டால் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, நன்றாகக் காய்ந்த பிறகு உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

ஆல்கஹாலை முதலில் படம் இல்லாத நுனியில் ஒரு விரற்கடை அளவு தொட்டுப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அத்தோடு விடுங்கள். ஓரத்தில் பழுப்பாக ஒலிப்பட்டை ஓடினால் ஆல்கஹாலே வேண்டாம். ஈரம் காய்ந்த பிறகுதான் ஃபிலிம் அடுத்த ரீலில் ஏற வேண்டும். அருகில் அடுப்பும் விளக்கும் கூடாது.

அப்புறம் பாதுகாப்பு. துருப்பிடித்த டப்பாவைத் தூக்கிப் போடலாம், ஆனால் மூடியில் எழுதியிருப்பதை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; பல சமயம் யார், எந்த ஊர் என்ற விவரம் அங்கே மட்டும்தான் இருக்கும். புதுப்பெட்டி காற்றோட்டமுள்ள பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புது அசிட்டேட் ஃபிலிமில் காடி வாடை தொடங்கவே ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும் என்பது கணக்கு. வெப்பம் கூடக் கூட இது வேகமாகக் குறையும். ஆகவே பரண் ஆகாது, கீழறையின் குளிர்ந்த அலமாரி பரவாயில்லை. ஃபிரிட்ஜ் என்றால் இரண்டு ஜிப் பைகளில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் விடுங்கள், இல்லையென்றால் உள்ளே பனித்துளி படிந்துவிடும்.