நாக்ஸோஸ் தீவுக்கு ஃபெரியில போகணும்னா எப்படி பிளான் பண்ணலாம்

கிரீஸ்னு சொன்னாலே ஒரு வாரத்துக்குள்ள ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி, கிரீட்னு நாலு இடத்தை அடுக்கிடறாங்க. மேப்ல பாக்க எல்லாம் பக்கத்துல பக்கத்துலதான் தெரியும், ஆனா ஒரு தீவு மாறுறதுன்னா ரூமைக் காலி பண்ணி, பெட்டியை இழுத்துட்டு போர்ட்டுக்குப் போய், லேட்டா வர்ற கப்பலுக்காக வெயில்ல நின்னு, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி ரூமைத் தேடிப் போறதுக்குள்ள பாதி நாள் காலி. ஒரு வாரத்துக்கு ரெண்டு தீவு போதும், அதுல ஒண்ணு நாக்ஸோஸா இருக்கட்டும்னுதான் நான் சொல்லுவேன். ஏஜியன் கடல்ல இருக்கிற சைக்ளேட்ஸ்ங்கிற தீவுக் கூட்டத்துலயே பெரிய தீவு இதுதான், மலை இருக்கு, விவசாயம் இருக்கு, நல்ல மணல் பீச் இருக்கு, சாண்டோரினி அளவுக்கு பர்ஸும் காலியாகாது.

முதல்ல காத்தைப் பத்தி தெரிஞ்சுக்கோங்க. ஜூலை, ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல வடக்கே இருந்து மெல்டெமின்னு ஒரு காத்து அடிக்கும், வானம் பளிச்சுனு நீலமா இருக்கும், மழைக்கான அறிகுறியே இருக்காது, ஆனா கடல் கொந்தளிக்கும். காத்து வேகத்தைச் சொல்ற பியூஃபோர்ட் அளவுல 8-ஐத் தொட்டாலே பொதுவா கப்பல் கிளம்பக் கூடாதுன்னு துறைமுக அதிகாரிங்க தடை போட்டுடுவாங்க, சின்ன கப்பலும் அதிவேகக் கப்பலும் அதுக்கு முன்னாடியே நின்னுடும். அப்படி நின்னா காசைத் திருப்பி வாங்கலாம், இல்லைன்னா அடுத்த கப்பலுக்கு மாத்திக்கலாம், ஆனா உங்க ஃப்ளைட் உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால ஊர் திரும்புற ஃப்ளைட் அன்னைக்கே தீவுல இருந்து ஃபெரி புடிக்கிற மாதிரி பிளான் வேண்டவே வேண்டாம், கடைசி ராத்திரி ஏதென்ஸ்ல தங்கிடுங்க. மே கடைசி, ஜூன், செப்டம்பர்ல இந்தத் தொல்லை குறைவு, ரூம் வாடகையும் குறைவு. ஆகஸ்ட் 15 மாதா திருநாள், பாதி கிரீஸே தீவுகளுக்குக் கிளம்பிடும், அந்த வாரத்தை முடிஞ்சவரை தவிர்த்துடுங்க.

கப்பல்ல ரெண்டு வகை. ப்ளூ ஸ்டார் மாதிரி கம்பெனிங்க விடுற பெரிய கார் ஃபெரி, ஏதென்ஸோட துறைமுகமான பிரேயஸ்ல இருந்து நாக்ஸோஸுக்கு அஞ்சு, அஞ்சரை மணி நேரம் எடுக்கும். அதிவேகக் கப்பல் நேரத்தை மிச்சப்படுத்தும், டிக்கெட் விலை எகிறும், பெரும்பாலும் உள்ளேயே சீட்ல கட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருக்கணும், அலை வந்தா குலுக்கியும் எடுத்துடும். நான் பெரிய கப்பல் பக்கம்தான். சாதா டிக்கெட் எடுத்துட்டு மேல் டெக்ல நின்னா ஒவ்வொரு தீவா கடந்து போறதைப் பாக்கலாம், இதுக்காகவே காசு குடுக்கலாம். வாந்தி வர்ற ஆளா இருந்தா மாத்திரையை கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுக்கிட்டு கப்பலோட நடுப்பகுதியில, கீழ்த்தளமா பார்த்து உக்காருங்க. டிக்கெட்டை ஃபெரிஹாப்பர் மாதிரி சைட்ல எல்லா கம்பெனியையும் ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கலாம், கார் ஏத்தலைன்னா சாதா சீட் பெரிய கப்பல்ல சட்டுனு தீராது, அதிவேகக் கப்பல்தான் சீசன்ல சீக்கிரம் நிரம்பும்.

பிரேயஸ் போர்ட் ரொம்பப் பெருசு, இ1, இ2ன்னு கேட் நம்பர் போட்டிருப்பாங்க. சைக்ளேட்ஸ் போற கப்பல்கள் பெரும்பாலும் மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிர்ல, இ6, இ7 பக்கம் நிக்கும், ஆனா டிக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு முதல் நாளே பார்த்துடுங்க, சில கேட்டுக்கு நடந்தா நல்ல தூரம். ஏர்போர்ட்ல இருந்து மெட்ரோ நேரா வரும், எக்ஸ்96 பஸ் ராத்திரி பகலா ஓடும். நிறைய கப்பல் காலை ஏழு, ஏழரைக்கே கிளம்பிடும், முதல் மெட்ரோவை நம்பி இருந்தா மூச்சு வாங்க ஓடணும்.

ஏறும்போது லாரி, கார் போற அதே வழியிலதான் நாமளும் உள்ள போகணும். கராஜ்ல இரும்பு ரேக் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஊர் பேர் எழுதியிருப்பாங்க, நாக்ஸோஸ்னு இருக்கிற ரேக்ல பெட்டியை வெச்சுட்டு பாஸ்போர்ட், பணம், ஸ்வெட்டர் மட்டும் மேல எடுத்துட்டுப் போங்க. இறங்குறதுதான் தமாஷ். வழக்கமா முன்னாடி பாரோஸ் தீவுல ஒரு தடவை நிக்கும், அங்க கூட்டத்தோட சேர்ந்து இறங்கிடாதீங்க. உங்க ஊரை மைக்ல சொன்னதும் கராஜுக்கு வந்துடணும், அங்க டீசல் வாசனை, லாரி எஞ்சின் உறுமல், கப்பல் பின்பக்கமா திரும்பிக்கிட்டு இருக்கும்போதே சங்கிலி கடகடன்னு ஓடி பின்கதவு இறங்கும், விசில் ஊதுவாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல நகருவாங்க. கப்பல் போர்ட்ல நிக்கிறது சில நிமிஷம்தான், மெதுவா இறங்கிக்கலாம்னு நினைச்சா அடுத்த தீவுக்குப் போயிடுவீங்க.

நாக்ஸோஸ் வந்ததும் கண்ணுல படுறது போர்டாரா, கடலுக்குப் பக்கத்துல தனியா நிக்கிற பளிங்குக் கதவு நிலை. கிமு 530 வாக்குல லிக்டாமிஸ்ங்கிற சர்வாதிகாரி ஆரம்பிச்ச கோயில், முடியவே இல்ல, அந்த நிலை மட்டும் மிச்சம். போர்ட்ல இருந்து நடந்தே போயிடலாம், சாயங்காலம் கூட்டம் அள்ளும், காலையில போனா நீங்களும் பூனைங்களும்தான். அங்கிருந்து பழைய ஊருக்குள்ள ஏறினா வெனிஸ்காரங்க 13-ஆம் நூற்றாண்டுல கட்டின கோட்டை. சந்துல தொலைஞ்சு போங்க, மேட்டுல ஏறினா கோட்டை, இறங்கினா கடல், வழி தப்பவே தப்பாது.

பீச்சுக்கு பஸ்ஸே போதும், போர்ட் பக்கத்துலயே நிக்கும், டிக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. அகியோஸ் ப்ரோகோபியோஸ், அகியா அன்னா, பிளாக்கா மூணும் ஒரே வரிசையில இருக்கு, கூட்டம் வேண்டாம்னா பிளாக்கா. மலைக் கிராமங்களுக்கு மட்டும் ஒரு நாள் வண்டி எடுங்க. ஹால்கி, ஃபிலோட்டி, தரையெல்லாம் பளிங்கா இருக்கிற அபிராந்தோஸ், அப்படியே வடக்கே அப்போலோனாஸ் போனா கிட்டத்தட்ட 11 மீட்டர் நீள சிலை ஒண்ணு பாதி செதுக்கினபடியே குவாரியில படுத்திருக்கு. நம்ம ஊர் லைசென்ஸோட சர்வதேச பெர்மிட்டும் எடுத்துட்டுப் போங்க. நாலு சக்கர ஏடிவி ஜாலியா தெரியும், வளைவுல ஜல்லி வழுக்கும், நான் கார்தான் சொல்லுவேன். நடக்கிறவங்க 1,000 மீட்டரை எட்டுற ஸாஸ் மலையை ஃபிலோட்டி பக்கத்துல இருந்து ஏறலாம், வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிடணும்.

சைவம் சாப்பிடறவங்க பயப்பட வேண்டாம். ஜிகாந்தெஸ்னு பெரிய வெள்ளை பீன்ஸ் தக்காளியில வெந்து வரும், ஃபாவான்னு கேட்டா நம்ம கடைஞ்ச பருப்பு மாதிரியே, மேல வெங்காயமும் ஆலிவ் ஆயிலும். நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு கிரீஸ் முழுக்க பேர் போனது, வறுவல் கேளுங்க, இந்த ஊர் கிராவியேரா சீஸோட.

ஒரு நாள் மிச்சமிருந்தா பக்கத்துல இருக்கிற கூஃபோனிசியாங்கிற குட்டித் தீவுக்குப் போயிட்டு வாங்க. எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ்னு ஒரு குட்டிக் கப்பல் குட்டித் தீவுகளையெல்லாம் தொட்டுக்கிட்டே அமோர்கோஸ் வரை போகும், உள்ளூர்க்காரங்க மளிகை மூட்டையோட ஏறுவாங்க, காத்தடிச்சா ஆட்டம் பலமா இருக்கும். கூஃபோனிசியாவையே காலால சுத்திடலாம், பாறைக் குளங்கள்ல குளிக்கலாம். ஆனா அன்னைக்கே திரும்ப கப்பல் இருக்கான்னு போர்ட் பக்கத்து டிக்கெட் ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறமா போற டிக்கெட்டை வாங்குங்க, இல்லைன்னா மறுநாள் வரைக்கும் அங்கதான்.