வளாகத்தில் கறுப்பின வரலாற்று மாதம்: கொண்டாடும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பிப்ரவரி, கறுப்பின மக்களின் வரலாற்றைக் கொண்டாடும் மாதம். அது பிறந்தால் பல்கலைக்கழகங்களில் ஒரே மாதிரியான சுவரொட்டிகள் முளைக்கும். மார்ட்டின் லூதர் கிங் படம், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் படம், “எனக்கொரு கனவு உண்டு” என்ற கிங்கின் உரையிலிருந்து ஒரு வரி. மாதம் முடிந்ததும் எல்லாம் கழற்றப்படும். அங்கே படிக்கப்போகும் நம் பிள்ளைகளும் இந்த விழாக் குழுக்களில் சேர்கிறார்கள், ஆசையோடு உழைக்கிறார்கள். அவர்கள் அங்கே போக முடிந்ததற்கே கறுப்பின மக்களின் போராட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில்தான் நிறைவேறியது. அதனால் இந்த விழாவைச் சரியாகச் செய்யும் கடமை நமக்கும் இருக்கிறது.

பெரிய தவறு எது என்று கேட்டால், வரலாறு வேறு எங்கேயோ நடந்தது போலக் கொண்டாடுவதைத்தான் சொல்வேன். வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1838இல், அந்தக் கல்லூரியை நடத்திய மேரிலாந்து இயேசு சபைக் கத்தோலிக்கத் துறவிகள், தங்கள் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். கிடைத்த பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. அந்த விற்பனை ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. முதல் பெயர் ஐசக், வயது 65. அடுத்து அவருடைய மூத்த மகன் சார்ல்ஸ், 40. மகள் நெல்லி, 38. அப்புறம் 13, 8, 6 வயதுச் சிறுமிகள். விற்பனையை நடத்திய பாதிரியாரின் பெயரை ஒரு கட்டடம் தாங்கி நின்றது. 2015இல் மாணவர்கள் போராடிய பிறகு அந்தப் பெயர் நீக்கப்பட்டது. 2017இல் அதற்கு, ஒப்பந்தத்தில் முதலில் இருந்த அந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயரைச் சூட்டினார்கள். இப்படிப்பட்ட கதை உங்கள் வளாகத்திலும் இருக்கலாம். கட்டடத்தை யார் கட்டினார்கள், முதல் கறுப்பின மாணவர் எந்த ஆண்டு சேர்ந்தார், விடுதியில் இடம் கிடைத்ததா என்று நூலக ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். நூறு சுவரொட்டிகள் ஒட்டுவதைவிட அது மேலான வேலை.

“இருப்பதிலேயே குட்டி மாதத்தைக் கொடுத்துவிட்டார்கள்” என்று மேடையில் சொல்பவர்களும் உண்டு. யாரும் கொடுத்ததில்லை. வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. உட்சன் 1926இல் இந்தக் கொண்டாட்டத்துக்குப் பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதிபர் லிங்கன், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே அந்த வாரத்தில் கொண்டாடி வந்தார்கள். வாரத்தை மாதமாக்கியதில் ஒஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1969இல் கோரிக்கை வைத்து, 1970இல் நடத்தியும் காட்டினார்கள். அரசு அங்கீகரித்தது 1976இல்தான்.

கிங்கை அந்தக் கனவு உரை ஒன்றுக்குள் அடக்குவதும் அநியாயம். 1967இல் வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். 1968இல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் சுட்டுக்கொல்லப்பட்டார். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் முழுசாகத் தெரிவார்.

சாப்பாட்டு விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். 2018 பிப்ரவரியில் நியூயார்க் பல்கலைக்கழக உணவகம் ஒன்றில் இந்த மாதத்துக்கென்று சிறப்பு உணவு போட்டார்கள். கூல்-எய்ட் என்ற சிவப்பு இனிப்புப் பானமும் தர்பூசணிச் சுவையூட்டிய தண்ணீரும் அதில் இருந்தன. இரண்டுமே கறுப்பின மக்களைக் கேலி செய்யப் பயன்பட்டவை. மாணவர்கள் கொதித்துப்போனார்கள். அடிமை முறை ஒழிந்த பின், விடுதலையான பலர் தர்பூசணி பயிரிட்டு விற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள். அதைப் பொறுக்காதவர்கள் அந்தப் பழத்தையே கேலிச்சித்திரமாக்கி, தலைமுறை தலைமுறையாக அவர்களை அவமானப்படுத்தினார்கள். இது தெரியாமல் பட்டியல் போட்டால் விருந்தே அவமதிப்பாகிவிடும். அதற்காக உணவே வேண்டாம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கச் சமையலுக்கு வந்து சேர்ந்த கதை அருமையானது. கறுப்பினச் சமையல்காரரை அழைத்து, என்ன சமைப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஆட்டத்திலும் இப்படித்தான். கையும் காலும் தாளமாகும் ஸ்டெப்பிங்கைப் பார்த்தால் நமக்கும் ஆடத் தோன்றும். ஆனால் அதில் பல அடவுகள் கறுப்பின மாணவர் சகோதரத்துவச் சங்கங்களுக்கு உரியவை. அவற்றில் மூத்ததான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. உறுப்பினர் அல்லாதவர்கள் அந்த அடவுகளை எடுத்து ஆடுவது மரியாதை இல்லை. அவர்களை மேடையேற்றி, கீழே உட்கார்ந்து கைதட்டலாம். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவர்போல வேடம் போடுவதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இன்னொன்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. வகுப்பில் இருக்கும் இரண்டு மூன்று கறுப்பின மாணவர்கள் தலையில் எல்லா வேலையையும் கட்டிவிடுகிறார்கள். தேர்வு நேரத்தில் அவர்கள்தான் பேச வேண்டும், அலங்கரிக்க வேண்டும், எல்லாருடைய கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் நைஜீரியாவிலிருந்து போன ஆண்டு வந்தவராக இருக்கலாம், இன்னொருவரின் குடும்பம் ஹைட்டியிலிருந்து வந்திருக்கலாம். அமெரிக்கத் தென்மாநிலமான மிசிசிப்பியின் வரலாற்றை அவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கட்டும், நாற்காலி தூக்கும் வேலையை மற்றவர்கள் பார்க்கட்டும். வெளியிலிருந்து பேச்சாளரை அழைத்தால் கட்டணத்தை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள். “உங்களுக்கும் பெயர் கிடைக்குமே” என்று இழுக்காதீர்கள்.

மார்ச் மாதத்திலும் ஒரு வேலை இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்துதான் மாணவர்கள் கறுப்பின ஆய்வுத் துறையைப் பெற்றார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு துறை இருக்கிறதா, அதில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அடுத்த ஆண்டு பட்ஜெட் கூடுகிறதா குறைகிறதா என்று விழாக் குழு நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கலாம்.